வேலியும் வேரும்

(“கடல் கடந்த தமிழர் வாழ்வு: பெருமையா, பாடமா?” என்ற தலைப்பில் தொலைக்காட்சிக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



கும்பகோணத்துக்காரர் ஒருவரை வைத்துக்கொள்வோம். பேர் வேண்டாம். மகன் வாங்கிக் கொடுத்த டிக்கெட்டில் முதன்முதலாக மலேசியா போகிறார். கற்பனைப் பயணிதான். ஆனால் அவர் கண்ணில் படப்போகிற தெருவும் வரலாறும் கற்பனை இல்லை.

விமான நிலையத்தில் இருந்து ரயில். கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையத்தில் இறங்குகிறார். வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்தால் பிரிக்பீல்ட்ஸ். அங்கே அவருக்கு மூச்சே நின்று விடுகிறது. மல்லிகைப் பூச்சரம், பட்டுப் புடவைக் கடை, நகைக்கடை, முறுக்கு, அதிரசம், வாழையிலைச் சாப்பாடு. ஒலிபெருக்கியில் தமிழ்ப் பாட்டு, கடைப் பலகையில் தமிழ் எழுத்து. ஒரு பெரிய நுழைவு வளைவு. சாஞ்சி ஸ்தூபியின் தோரணவாயிலைப் போல இந்தியா கட்டிக் கொடுத்து 2015-இல் திறக்கப்பட்டது. இந்தப் பகுதியைக் ‘குட்டி இந்தியா’ என்று 2010 அக்டோபரில் அறிவித்தபோது, அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் அங்கே நேரில் போய் நின்றார்.

நம் பயணி ஒரு சாப்பாட்டுக் கடையில் நுழைகிறார். கடைக்காரர் கேட்கிறார்: “வாங்கண்ணே, பசியாறிட்டீங்களா?”

இவருக்கு ஒரு நிமிடம் திகைப்பு. ‘நம்ம முகத்தைப் பார்த்தால் பட்டினி கிடந்தவன் மாதிரியா இருக்கிறது?’ அப்புறம்தான் தெரிகிறது. காலைச் சாப்பாடு ஆயிற்றா என்பதை மலேசியத் தமிழர் அப்படித்தான் கேட்பார்கள். தமிழ்நாட்டில் ‘டிபன்’ வந்து உட்கார்ந்து கொண்ட இடத்தில், அங்கே ‘பசியாறல்’ அழியாமல் இருக்கிறது!

அன்று இரவே மகனுக்குத் தொலைபேசி: “அச்சு அசல் நம்ம ஊருதாம்ப்பா! தமிழை நம்மளவிட நல்லா வச்சிருக்காங்க!”

அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அதற்குள்ளே ஒரு கேள்வி இருக்கிறது. அந்தக் கேள்விதான் இன்றைய பேச்சு.

தெருவை யார் பிரித்தார்கள்?

ஒரு பெரிய நகரத்தில் தமிழர் இந்தத் தெருவிலே, சீனர் அந்தத் தெருவிலே, மலாய்க்காரர் வேறொரு கிராமத்திலே என்று எப்படி அமைந்தது? தமிழர் எல்லாரும் கூடிப் பேசி, “நாம் இங்கேயே இருப்போம்” என்று தீர்மானம் போட்டார்களா? இல்லை.

பிரிக்பீல்ட்ஸ் என்றால் செங்கல் வயல். 1881-இல் கோலாலம்பூரில் ஒரு பெரிய தீ விபத்து; அதே ஆண்டில் வெள்ளமும் வந்தது. மரத்திலும் ஓலையிலும் இருந்த ஊர் அழிந்தது. இனிமேல் செங்கல்லும் ஓடும்தான் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் முடிவு செய்தார்கள். சீனத் தலைவரான யாப் குவான் செங் அந்தப் பகுதியில் செங்கல் சூளை போட்டார். பேர் அப்படி வந்தது.

அப்புறம் ரயில். கோலாலம்பூருக்கும் கிள்ளான் ஆற்றங்கரைக்கும் இடையே 1886-இல் பாதை திறந்தார்கள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வேயின் மையமாயிற்று. தண்டவாளம் போடவும், கரி அள்ளவும், பட்டறையில் சம்மட்டி அடிக்கவும் தமிழ்நாட்டில் இருந்து ஆட்கள் வந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டர், குமாஸ்தா வேலைக்கு ஆங்கிலம் படித்த யாழ்ப்பாணத் தமிழர் வந்தார்கள். தமிழரிலேயே இரண்டு படி! ரயில்வே குவார்ட்டர்ஸ் வரிசையாக எழுந்தது. குவார்ட்டர்ஸ் இருந்த இடத்தில் கோயில் வந்தது, மளிகைக் கடை வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. இன்று பயணி இறங்கிய சென்ட்ரல் நிலையமே பழைய ரயில்வே யார்டு இருந்த நிலத்தில்தான் 2001-இல் திறக்கப்பட்டது.

ஆக, வேலை எங்கேயோ அங்கே வீடு. வேலையைப் பிரித்துக் கொடுத்தவன், ஊரையும் பிரித்துக் கொடுத்து விட்டான்.

ஈய வயலுக்குச் சீனர், ரப்பர் தோட்டத்துக்கும் ரயிலுக்கும் தமிழர், நெல் வயலுக்கு மலாய்க்காரர் என்று வெள்ளைக்காரன் கணக்குப் போட்டு வைத்தான். மேல்நாற்காலி யாருக்கு? 1904-இல் இருந்து மலாயா ஆட்சிப் பணியில் சேர வேண்டுமானால் தாய் வழி, தந்தை வழி இரண்டிலும் கலப்பில்லாத ஐரோப்பியனாக இருக்க வேண்டும் என்று விதியே எழுதி வைத்திருந்தார்கள். கரைத்துக் குடித்த படிப்பு இருந்தாலும், தோல் நிறம் சரியில்லை என்றால் கதவு மூடியது.

தென்னாப்பிரிக்காவில் இதற்குப் பெயர் வைத்தார்கள். சட்டப் புத்தகம் போட்டார்கள். மலாயாவில் பெயர் வைக்கவில்லை, பழக்கமாக்கி விட்டார்கள். சட்டமாக இருந்தால் ஒருநாள் கிழித்துப் போடலாம். பழக்கத்தை எங்கே போய்க் கிழிப்பது?

கிள்ளானில் ஒரு பெரியவர்

மறுநாள் நம் பயணி கிள்ளானுக்குப் போகிறார். அங்கேயும் ஒரு குட்டி இந்தியா, தெங்கு கிளானா சாலையில். பக்கத்திலேயே துறைமுகம். அந்நாளில் அதற்குப் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் என்று பேர். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறியவர்கள் வந்து இறங்கிய துறைகளில் அதுவும் ஒன்று. ‘ரஜூலா’ கப்பலின் பேரைச் சொன்னால் இன்றைக்கும் அங்கே வயதானவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள்.

ஒரு தேநீர்க் கடை. எதிர் மேசையில் எண்பத்தைந்து வயதைத் தாண்டிய ஒரு பெரியவர். பேச்சு கொடுக்கிறார் பயணி.

“ஐயாவுக்குப் பூர்வீகம் எந்த ஊருங்க?”

“தாத்தா காலத்துல திருச்சிராப்பள்ளிப் பக்கம்னு சொல்லுவாங்க தம்பி. நான் பொறந்தது இங்க, தோட்டத்துல. லயத்துல.”

“தோட்ட வாழ்க்கை எப்படிங்கய்யா இருந்தது?”

பெரியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொல்கிறார்: “எங்கப்பா ஒரு பழைய சைக்கிள் வச்சிருந்தாரு தம்பி. சீட்டு கட்டி வாங்கினது. தொரை எதிர்ல வந்தா எறங்கணும். கிராணி வந்தாலும் எறங்கணும். ஒரு கட்டை தூரம் போறதுக்குள்ள நாலு வாட்டி எறங்குவாராம். அதுக்கு நடந்தே போயிரலாம்னு எங்கம்மா சொல்லுமாம்.”

ஒரு கட்டை என்றால் ஒரு மைல். கிராணி என்றால் தோட்டத்துக் குமாஸ்தா.

இந்தப் பெரியவரும் நம் பயணியைப் போலக் கற்பனைதான். ஆனால் அந்த சைக்கிள் கற்பனை இல்லை, நேயர்களே. அது வரலாற்றில் பதிவான சைக்கிள்.

குன்றின் மேல் பங்களா, பள்ளத்தில் லயம்

அந்தக் காலத்து ரப்பர் தோட்டம் எப்படி இருக்கும்? குன்றின் மேலே துரையின் பங்களா. நடுவில் கிராணிமார் வீடு. பெரும்பாலும் மலையாளிகளும் யாழ்ப்பாணத்தாரும். கீழே பள்ளத்தில் தொழிலாளர் லயம். நீளக் கொட்டகை, ஒரு குடும்பத்துக்கு ஓர் அறை. நிலத்தைப் பார்த்தாலே யார் மேல், யார் கீழ் என்று தெரிந்துவிடும்.

விடிவதற்கு முன்னே தண்டோரா. பெரட்டுக் களத்தில் வரிசையில் நிற்க வேண்டும், பேர் கூப்பிடுவார்கள். அப்புறம் பால் வெட்டு. மரத்தில் கோடு கீறி, மங்கில் வடியும் பாலை வாளியில் சேர்த்து, தோளில் சுமந்து வந்து நிறுக்க வேண்டும். கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டுத் தாயும் அதே வேலைக்குப் போவாள். கூலி மட்டும் ஆணைவிடக் குறைவு.

ஆள் பிடித்து வந்தவர் யார்? கங்காணி. நம் ஊர்க்காரர்தான், பல சமயம் நம் உறவுக்காரர்தான். ஊருக்கு வந்து, நல்ல வேட்டி கட்டி, கடுக்கன் போட்டு, “அங்கே தேங்காயும் மாசியும் மரத்தடியிலேயே கிடக்கும்” என்கிற மாதிரி ஆசை காட்டி அழைத்துப் போனார். அவர் கொண்டு வந்த ஆள் வேலைக்கு வரும் ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்காசு உண்டு. ஆள் ஓடிப்போனால் காசு போச்சு. அதனால் ஆளை ஓடவிடாமல் பார்த்துக்கொள்வது கங்காணியின் வேலை.

பக்கத்துத் தோட்டத்தில் அதே வேலை செய்யும் சீனத் தொழிலாளிக்குக் கூலி கூடுதல். ஏன்? அவர் குத்தகைக்கு வருகிறவர். பிடிக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். தமிழர் கங்காணியின் கணக்கில் கட்டுண்டவர். கூலி உயரும்போல் இருந்தால் இன்னொரு கப்பல் ஆள் நாகப்பட்டினத்தில் இருந்து வரும். பிறகு எப்படிக் கூலி உயரும்?

லயத்துக்கும் மலாய்க் கிராமத்துக்கும் இடையே பெரிய தூரம் இல்லை. ஆனால் ஒருவர் வீட்டு விருந்துக்கு ஒருவர் போக வழியில்லை. தோட்டம் தனியார் நிலம். சொந்தக்காரர்கூட வந்து பார்க்கக் கட்டுப்பாடு.

அந்த நாள் பயணிகள்

இதைப் பார்த்துவிட்டுப் போன பெரிய பயணிகள் உண்டு.

1929 டிசம்பரில் பெரியார், நாகம்மையாரோடு மலாயா போனார். கப்பலில் மனிதர் மட்டும் ஏறவில்லை, சாதியும் ஏறியிருக்கிறது என்பதை மேடைக்கு மேடை பேசினார். தோட்டங்களில் சாதிக்கொரு லயம் என்று பிரித்து வைத்த வழக்கம் இருந்தது. வெள்ளைக்காரன் நிறத்தால் ஒரு வேலி போட்டான். அந்த வேலிக்குள்ளே நம் ஆட்கள் பிறப்பால் இன்னொரு வேலி போட்டுக்கொண்டார்கள். நிர்வாகத்துக்கு அது வசதியாகவே இருந்தது.

1936 இறுதியில் வி.எஸ். சீனிவாச சாஸ்திரியார், இந்தியத் தொழிலாளர் நிலைமையை ஆராய்ந்து அறிக்கை தர அனுப்பப்பட்டார். அவர் அறிக்கை போதாது என்று மலாயா இந்தியர் தலைவர்கள் மனம் குறைந்தார்கள். 1937-இல் ஜவஹர்லால் நேரு போனார். அடுத்த ஆண்டே, 1938-இல், கூலியைக் குறைத்ததை எதிர்த்து, தோட்ட வேலைக்கு உதவித்தொகை கொடுத்து ஆள் அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. கங்காணி வரவழைத்த காலம் அதோடு முடிந்தது. ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கு விடிவு வரவில்லை.

1941: கிள்ளான் எழுந்தது

இப்போது சைக்கிளுக்கு வருவோம்.

1941. உலகப் போர் நடக்கிறது. ரப்பர் விலை ஏறுகிறது. துரைமார்க்கு லாபம், தொழிலாளிக்கு அரிசி விலையேற்றம். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கம் தோட்டம் தோட்டமாகப் போய் மக்களைத் திரட்டியது. முன்னணியில் நின்றவர் ஆர்.எச். நாதன். கோலாலம்பூரில் இருந்து வந்த ‘தமிழ் நேசன்’ நாளிதழில் பணியாற்றியவர்.

ஆண்டின் தொடக்கத்தில் இருந்தே வேலைநிறுத்தம் தோட்டத்துக்குத் தோட்டம் பரவியது. அவர்கள் கேட்டது என்ன தெரியுமா? கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

சீனருக்குச் சமமான கூலி கொடு. பிள்ளைகளுக்குச் சரியான பள்ளிக்கூடம் கொடு. மருத்துவ வசதி கொடு. எங்கள் பெண்களிடம் வெள்ளைக்காரர்களும் ‘கறுப்பு வெள்ளைக்காரர்களும்’ தவறாக நடப்பதை நிறுத்து. கள்ளுக்கடையை மூடு. சங்கம் வைக்க விடு. சொந்தக்காரர் தோட்டத்துக்குள் வந்து போக விடு.

அதோடு இன்னொன்று: துரைக்கும் கிராணிக்கும் முன்னால் சைக்கிளில் ஏறிப் போக அனுமதி கொடு!

சோற்றுக்காகப் போராடுவது எல்லாருக்கும் புரியும். இந்தக் கடைசிக் கோரிக்கையில் காசு இருக்கிறதா? ஒரு சல்லிக் காசு இல்லை. ஆனாலும் எழுதிச் சேர்த்தார்கள். ஏன்? வயிறு மட்டும் இருந்தால் கூலி போதும். முதுகெலும்பு இருக்கிறதே, அது என்ன செய்யும்?

கள்ளுக்கடையை மூடு என்று கேட்டவர்களும் அந்தத் தொழிலாளர்கள்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். கூலி கொடுத்த கையே கள்ளுக்கடை வழியாக அதைத் திரும்ப வாங்கிக்கொண்டது. ‘தோட்டத்துத் தமிழன் குடிகாரன்’ என்று பேசிய அதே காலத்தில், கடையை மூடு என்று அந்தத் தோட்டத்துத் தமிழன் தெருவில் நின்றான்.

1941 மே மாதம் நாதனைக் கைது செய்தார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் அவரை விடுவிக்கச் சொல்லித் திரண்டார்கள். மே 16 அன்று சிலாங்கூரில் அவசர நிலை. ராணுவம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் கைதானார்கள். நாதனை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள்.

போராட்டம் தோற்றது என்று எழுதலாம். ஆனால் ஏழே மாதத்தில் ஜப்பான்காரன் வந்தான். “இறங்கு” என்று சொன்ன துரைமார் எந்த மிடுக்கும் இல்லாமல் தெற்கே ஓடினார்கள். தொழிலாளிக்கு அப்போதும் விடிவில்லை. பல்லாயிரம் தமிழரைச் சயாம் மரண ரயில் பாதை போடக் கொண்டுபோனார்கள், போனவர்களில் ஏராளமானோர் திரும்பவில்லை. ஆனாலும் ஒன்று மாறிவிட்டது. போருக்குப் பிறகு எந்தத் துரையும் பழைய மாதிரி ‘இறங்கு’ என்று சொல்லிவிட முடியவில்லை.

கிள்ளான் பெரியவரிடம் நம் பயணி கேட்கிறார்: “அப்புறம் உங்கப்பா என்னங்கய்யா செஞ்சாரு?”

“ஸ்ட்ரைக்குக்குப் போனாரு. சைக்கிள்லதான் போனாரு. அன்னிக்கு எறங்கல.”

நம் ஊர்த் தெருவில்

இதைக் கேட்டு நம் பயணிக்குக் கண் கலங்குகிறது. வெள்ளைக்காரன் மேல் கோபம் வருகிறது. வரட்டும். ஆனால் அந்தக் கோபத்தோடு அவர் ஊர் திரும்பும்போது இன்னொன்றையும் நினைத்துப் பார்க்க வேண்டும்.

சைக்கிளை விட்டு இறங்கு, செருப்பைக் கையில் எடு, தோள் துண்டை இடுப்பில் கட்டு - இதெல்லாம் மலாயாவில் மட்டும் நடந்ததா? காவிரிக் கரையிலும் தாமிரபரணிக் கரையிலும் நடக்கவில்லையா? விடுதலைக்கு எத்தனையோ ஆண்டு கழித்தும், சில தெருக்களில் தாழ்த்தப்பட்ட மக்கள் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனது ஊர் அறிந்த செய்தி அல்லவா? கப்பல் ஏறியவர்களில் எத்தனையோ பேர் இந்த ‘இறங்கு’ என்ற சொல்லுக்குத் தப்பித்தான் கடல் தாண்டினார்கள். அங்கே போனால் அதே சொல் வேறு வாயில் இருந்து வந்தது.

கடலுக்கு அந்தப் பக்கம் நடந்தால் இனவெறி, இந்தப் பக்கம் நடந்தால் சம்பிரதாயமா? இந்தக் கேள்வியைத் தாண்டிவிட்டு யாரும் மலேசியத் தமிழருக்காகக் கண்ணீர் விட முடியாது.

வெள்ளைக்காரன் போனான், வேலி போகவில்லை

1957-இல் மலாயா விடுதலை பெற்றது. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை வெட்டி வெட்டி விற்கத் தொடங்கின. ‘தோட்டத் துண்டாடல்’ என்று மலேசியத் தமிழர் சொல்வது இதைத்தான். தோட்டம் கைமாறினால் லயமும் போகும், வேலையும் போகும், பள்ளிக்கூடமும் போகும்.

பிரிக்பீல்ட்ஸில் நம் பயணி நடந்த பெரிய சாலையின் பேர் துன் சம்பந்தன் சாலை. யார் இந்தச் சம்பந்தன்? அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், ம.இ.கா. தலைவர், அமைச்சர். துண்டாடலைக் கண்டு 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளி மாதம் பத்து வெள்ளி கட்டிப் பங்கு சேர்க்க வேண்டும். அந்தக் காசில், கடாவில் இருந்த புக்கிட் சீடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். பால் வெட்டியவர்கள் தோட்டத்துக்குப் பங்குதாரர் ஆனார்கள்! குன்றின் மேல் பங்களாவும் பள்ளத்து லயமும் ஒரே கணக்குப் புத்தகத்துக்குள் வந்தன. பட்டுப் புடவை வாங்கப் போகிற பயணிகள் ஒரு நிமிடம் நின்று அந்தத் தெருப் பலகையைப் படிக்க வேண்டும்.

ஆனால் எல்லாத் தோட்டத்தையும் அப்படி வாங்க முடியவில்லை. 1969 மே 13 இனக்கலவரத்துக்குப் பிறகு, 1971-இல் புதிய பொருளாதாரக் கொள்கை வந்தது. இன்ன இனத்துக்கு இன்ன தொழில் என்கிற அடையாளத்தை ஒழிப்பது அதன் இரண்டு குறிக்கோள்களில் ஒன்று. சரியான குறிக்கோள்தான். மலாய்க்காரரைக் கிராமத்தில் இருந்து நகரத்துக்கும் வணிகத்துக்கும் கொண்டுவர அது பெரிய அளவில் உதவியது. தோட்டத்துத் தமிழரின் லயத்துக்கு அந்த வெளிச்சம் சரியாக எட்டவில்லை.

கிள்ளான் பள்ளத்தாக்கில் நகரம் வளர வளர, ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீட்டுமனையும் நெடுஞ்சாலையும் வந்தன. நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயா எங்கே நிற்கிறது? பிராங் பெசார் ரப்பர் தோட்டம் இருந்த நிலத்தில். மூன்று தலைமுறை உழைத்தவனுக்கு அந்த நிலத்தில் ஒரு சதுர அடி சொந்தமில்லை. வெளியேறியவர்கள் நகர ஓரங்களில் புறம்போக்குக் குடிசைகளில் சேர்ந்தார்கள். அப்படி நெருக்கமும் வறுமையும் நிறைந்த கம்போங் மேடானில் 2001 மார்ச்சில் மோதல் வெடித்து ஆறு பேர் இறந்தார்கள். ஒருவரை ஒருவர் அறியாமல் வேலிக்கு இரண்டு பக்கமும் வளர்ந்த ஏழைகள், வேலி இல்லாத இடத்தில் திடீரென்று பக்கத்தில் நிறுத்தப்பட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அது சாட்சி.

தோட்டத்துக் கோயில்களுக்கும் அதே கதை. நிலம் கம்பெனியுடையது, கோயிலுக்குப் பட்டா இல்லை. நிலம் கைமாறியதும் கோயில் ‘ஆக்கிரமிப்பு’ ஆகிவிட்டது. 2007 அக்டோபர் 30 அன்று, தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஷா ஆலம் அருகே பாடாங் ஜாவாவில் மாரியம்மன் கோயில் இடிக்கப்பட்டது. அந்த நவம்பர் 25-இல் பல்லாயிரம் தமிழர் கோலாலம்பூரில் இண்ட்ராப் இயக்கத்தின் அழைப்பில் திரண்டார்கள். எங்களைக் கொண்டுவந்தவன் நீ, ஒரு பாதுகாப்பும் இல்லாமல் விட்டுப்போனவனும் நீ என்று பிரிட்டிஷ் தூதரகத்தில் மனு கொடுக்கப் புறப்பட்டார்கள். கண்ணீர்ப் புகையும் தண்ணீர்ப் பீரங்கியும்தான் பதில். ஆனால் அடுத்த மார்ச் பொதுத் தேர்தலில் ஆளும் கூட்டணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. 1941-இல் சைக்கிளை விட்டு இறங்க மறுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள்.

வேலிக்கு நன்றி சொல்லலாமா?

இங்கேதான் ஒரு வாதம் வரும். நம் பயணியே சொல்லுவார்: “எப்படியோ, அவர்களைத் தனியே வைத்ததால்தானே தமிழ் பிழைத்தது? கலந்து விட்டிருந்தால் கரைந்து போயிருக்குமே!”

கேட்பதற்கு நியாயம் போலத் தெரியும். 1923-இல் வந்த தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்றது. தமிழ்ப்பள்ளிகள் பல அப்படி வந்தவைதான். ஆனால் நிர்வாகம் எதற்காக நடத்தியது? ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார். பல இடங்களில் கிராணியே வாத்தியார். கையெழுத்துப் போடத் தெரிந்த அடுத்த பால்வெட்டுக்காரனை உருவாக்கினால் போதும் என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கொட்டகையைப் பள்ளிக்கூடம் ஆக்கியது யார்? வாளி சுமந்த கையால் பலகை வாங்கிக் கொடுத்த பெற்றோர். குறைந்த சம்பளத்தில் தேவாரமும் திருக்குறளும் சொல்லிக் கொடுத்த ஆசிரியர்கள். தோட்டம் அழிந்தபோதும் பள்ளிக்கூடத்தை நகரத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்து கட்டிய ஊர்ப் பெரியவர்கள். வேலி போய்விட்டது, இன்றும் மலேசியாவில் 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. வேலிதான் தமிழைக் காத்தது என்றால், வேலி போன அன்றே தமிழும் போயிருக்க வேண்டும் அல்லவா?

நம் பயணிக்கு இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். உலகத் தமிழ் மாநாடு என்றால் அவருக்கு 1968 சென்னை மாநாடு நினைவுக்கு வரும். ஆனால் முதல் மாநாடு நடந்தது கோலாலம்பூரில், 1966-இல். நடத்தியவர் மலாயாப் பல்கலைக்கழகத்து இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக இருந்த தனிநாயகம் அடிகளார். லயத்துப் பிள்ளைகளின் நாட்டில் இருந்துதான் உலகத் தமிழுக்கு அழைப்புப் போனது!

வேலி என்பது வெளியில் இருந்து போடுவது. வேர் என்பது உள்ளே இருந்து விடுவது. செடிக்கு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். அதற்காக வேர் விட்டதற்கு வேலிக்கு மாலை போடுவார்களா?

வேர் தன் பக்கத்து மண்ணைப் பகைத்துக்கொண்டும் வளர்வதில்லை. அதே பிரிக்பீல்ட்ஸில் கோயிலுக்குப் பக்கத்தில் புத்த விகாரை இருக்கிறது, மாதா கோயில் இருக்கிறது, பள்ளிவாசல் இருக்கிறது. வாழையிலைச் சாப்பாட்டுக்குச் சீனரும் மலாய்க்காரரும் வரிசையில் நிற்கிறார்கள். தீபாவளிக்குத் ‘திறந்த இல்ல உபசரிப்பு’ என்று கதவைத் திறந்து வைக்கிறார்கள். எந்த இனத்தாரும் உள்ளே வரலாம், சாப்பிடலாம். வெள்ளைக்காரன் பிரித்து வைத்த ஊரில், அழைப்பிதழே இல்லாமல் அடுத்தவனைச் சாப்பாட்டுக்குக் கூப்பிடும் வழக்கத்தை அந்த மக்களே உண்டாக்கிக் கொண்டார்கள். வேலிக்குச் சரியான பதில் அதுதான்.

பயணிக்கு ஒரு வேண்டுகோள்

மலேசியா போகிறவர்கள் இரட்டைக் கோபுரத்தைப் பாருங்கள், பத்துமலையைப் பாருங்கள், புடவையும் வாங்குங்கள். யாரும் தடுக்கவில்லை. ஆனால் “அச்சு அசல் நம்ம ஊரு” என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். அந்த மக்களுக்கு அது முழு மரியாதை ஆகாது. அவர்கள் நம் ஊரின் நகல் இல்லை. நம் ஊர் கொடுக்காததை அங்கே போராடி எடுத்துக்கொண்டவர்கள். அது அவர்கள் நாடு. ரத்தம் கொடுத்து வாங்கிய நாடு.

அங்கே ஒரு பெரியவரைப் பார்த்தால் உட்கார்ந்து கேளுங்கள்: “ஐயா எந்தத் தோட்டம்? யார் கொண்டுவந்தது? எப்படி வெளியே வந்தீங்க?” அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. ‘தமிழ் நேசன்’ நாளிதழ்கூட 2019-இல் நின்றுவிட்டது. கேட்க வேண்டியதை இப்போதே கேட்டுவிட வேண்டும்.

ஊருக்குத் திரும்பியதும், சொந்தத் தெருவையும் ஒருமுறை பார்க்க வேண்டும். அங்கே இன்னும் யாராவது யாருக்காகவாவது வண்டியை விட்டு இறங்கிக் கொண்டிருக்கிறார்களா என்று.

அப்படி ஒருவர் இறங்கினால், கும்பகோணத்துக்காரர் அவரிடம் போய்ச் சொல்லட்டும்: “ஏறிப் போங்க தம்பி. இதுக்குத்தான் கிள்ளான்ல அஞ்சு பேரு செத்தாங்க.”